குயின்ஸ் தெருக்களில் கேமரா: தெற்காசியர் வாழ்க்கையைப் படம் எடுப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நியூயார்க் நகரின் குயின்ஸ் பகுதியில், தெற்காசியர்கள் குடியேறிய தெருக்களில் பல வருடமாகப் படம் எடுத்து வருகிறேன். வார இறுதியில் என்னோடு நடக்க வரும் தமிழ் நண்பர்கள், பெரும்பாலும் ஐடி வேலைக்கோ படிப்புக்கோ வந்தவர்கள், ஒரே மாதிரி சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை இங்கே வைத்திருக்கிறேன். மேலிருந்து வரிசையாகப் படியுங்கள், ஏனென்றால் முன்னால் சொன்னதைப் பின்னால் திரும்பச் சொல்லவில்லை.

ஸ்ட்ரீட் போட்டோகிராபின்னா ரோட்டுல போற வர்றவங்களை க்ளிக் பண்றதுதானே?

அதுவும் உண்டு. பொது இடத்தில், யாரையும் நிற்க வைக்காமல், நடப்பதை நடந்தபடியே எடுப்பது தெருப் படம். ஆள் இல்லாமலும் அது அமையும். கம்பத்தில் வங்காள மொழியில் ஒட்டியிருக்கும் 'அறை வாடகைக்கு' சீட்டும், கடை திறக்கும் முன்பே வாசலில் வந்து இறங்கிய காய்கறிப் பெட்டிகளும் நல்ல தெருப் படங்கள்தான்.

குடியேறிகள் வாழும் தெருவில் எடுக்கும்போது இன்னொரு வேலை சேர்ந்துகொள்கிறது. இவர்கள் யார், எந்த ஊரிலிருந்து, எந்தக் காலத்தில், எந்த வேலைக்கு வந்தவர்கள் என்று கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாமல் எடுத்தால் வங்கதேசத்தின் சில்ஹட்காரரும் பஞ்சாபியும் நேபாளியும் கயானாக்காரரும் ஒரே முகமாகிவிடுவார்கள். இந்தப் பக்கத்தில் கேமராவை விட மனிதர்களைப் பற்றி அதிகம் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

எங்கே போகணும்? ஜாக்சன் ஹைட்ஸ் மட்டும்தானா?

ஆரம்பிக்க ஜாக்சன் ஹைட்ஸ் நல்ல இடம். 7, ஈ, எஃப், எம், ஆர் என்று ஐந்து ரயில் தடங்கள் அங்கே சேர்கின்றன. நிலையத்தை விட்டு வெளியே வந்தால் 74-வது தெருவில் நகைக்கடை, சேலைக்கடை, மளிகைக்கடை. ஒரு தெரு தள்ளி 73-வது தெருவுக்குப் போனால் வங்கதேசம் தொடங்கிவிடும். இடையில் 37-வது ரோட்டில், வாகனம் வராத டைவர்சிட்டி பிளாசா என்ற சதுக்கம் இருக்கிறது. அங்கே ஆண்கள் நின்று அரசியல் பேசிக்கொண்டிருப்பார்கள். சுற்றிலும் நேபாள, திபெத்திய மோமோ கடைகள்.

ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். ரிச்மண்ட் ஹில்லில் 101-வது அவென்யூ பஞ்சாபிகளுடையது. பக்கத்தில் லிபர்ட்டி அவென்யூ முழுக்கக் கயானா, டிரினிடாட் நாடுகளிலிருந்து வந்த இந்திய வம்சாவளியினர். ஜமைக்கா பகுதியின் ஹில்சைடு அவென்யூ இன்னொரு வங்கதேசம். ஃபிளஷிங்கில் பிள்ளையார் கோயில். குயின்ஸுக்கு வெளியே என்றால் புரூக்ளினின் கோனி ஐலண்ட் அவென்யூவில் பாகிஸ்தானியர், ஸ்டேட்டன் ஐலண்டின் டாம்ப்கின்ஸ்வில் பக்கம் இலங்கையர், மன்ஹாட்டனில் லெக்சிங்டன் அவென்யூவில் 27, 28-வது தெருக்கள் பக்கம் டாக்சி ஓட்டுநர்கள் சாப்பிடும் கடைகள்.

என் யோசனை: எல்லாவற்றையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். அப்புறம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஒரு வருடம் அங்கேயே போங்கள். குளிர்காலத்தில் பார்க்காத தெருவை உங்களுக்குத் தெரியும் என்று சொல்ல முடியாது.

இத்தனை பேர் இங்க எப்படி வந்து சேர்ந்தாங்க? இது தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?

1917-இல் வந்த சட்டம் ஆசியாவின் பெரும்பகுதியிலிருந்து யாரும் குடியேற முடியாதபடி கதவை அடைத்தது. 1946-இல் கொஞ்சம் திறந்தார்கள், அதுவும் இந்தியர்களுக்கு வருடத்துக்கு 100 பேர்தான். 1965 அக்டோபரில் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டம்தான் நாட்டுவாரி ஒதுக்கீட்டை ஒழித்தது. முதலில் வந்தவர்கள் மருத்துவர்கள், பொறியாளர்கள். பிறகு அவர்களின் அண்ணன் தம்பி, அக்கா தங்கை. 1990களில் விசா லாட்டரி மூலம் வங்கதேசத்திலிருந்து நிறையப் பேர் வந்தார்கள்.

ஜாக்சன் ஹைட்ஸ் இவர்களுக்காகக் கட்டப்பட்டதே இல்லை. 1917-இல் உயர்த்திய பாதையில் ரயில் வந்தபோது, நடுவில் தோட்டம் வைத்த அடுக்குமாடி வீடுகளை வசதியான வெள்ளையர்களுக்காகக் கட்டினார்கள். யூதர்களுக்கும் கறுப்பர்களுக்கும் அங்கே வீடு கிடையாது. 1970களில் 74-வது தெருவில் 220 வோல்ட் மின்சாதனங்கள் விற்கும் கடை வந்தது. ஊருக்குப் போகிறவர்கள் மிக்சியும் டிவியும் வாங்கிப்போக வந்தார்கள். வந்தவர்களை நம்பிச் சேலைக்கடையும் சாப்பாட்டுக்கடையும் வந்தன. இது தெரிந்தால் என்ன ஆகும் என்றால், ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே இருக்கும் பழைய ஆங்கிலேய பாணி முகப்பையும் சேர்த்து ஃபிரேமுக்குள் கொண்டுவர உங்களுக்குத் தோன்றும்.

கேட்காம படம் எடுத்தா சட்டப்படி தப்பா?

அமெரிக்காவில் பொது இடத்தில் கண்ணுக்குத் தெரிவதைப் படம் எடுக்க அனுமதி தேவையில்லை. நடைபாதையில் நிற்பவரும் பேருந்துக்குக் காத்திருப்பவரும் இதில் அடக்கம். கடமையில் இருக்கும் போலீஸையும் எடுக்கலாம். அதை உறுதிசெய்து 2020-இல் நியூயார்க்கில் தனிச் சட்டமே வந்தது. வேலைக்கு இடைஞ்சல் செய்யக்கூடாது, அவ்வளவுதான். கையில் பிடித்து எடுக்கும் கேமராவுக்கு நகராட்சி அனுமதிச் சீட்டும் வேண்டாம்.

சட்டம் இடம் கொடுக்கிறது என்பதோடு பேச்சு முடிந்துவிடாது. இந்தத் தெருக்களில் சட்டத்தை விடப் பெரிய விஷயங்கள் இருக்கின்றன. கீழே வருகிறேன்.

அப்போ எடுத்த படத்தை விக்கலாமா?

கண்காட்சியில் வைக்கலாம், புத்தகமாகப் போடலாம், கலைப்படமாக விற்கலாம், செய்திக்குக் கொடுக்கலாம். விளம்பரத்துக்குக் கொடுக்கக் கூடாது. நியூயார்க் சட்டப்படி ஒருவர் முகத்தை விளம்பரத்துக்கோ வியாபாரத்துக்கோ பயன்படுத்த அவருடைய எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். இந்தச் சட்டம் 1903-இல் வந்தது. அதற்கு முன் ஒரு மாவு கம்பெனி ஓர் இளம்பெண்ணின் படத்தைக் கேட்காமலேயே விளம்பரச் சுவரொட்டியில் போட்டது. அவள் வழக்குப் போட்டுத் தோற்றாள். மக்கள் கொதித்தார்கள், சட்டமன்றம் சட்டம் போட்டது.

கலைக்கும் வியாபாரத்துக்கும் கோடு எங்கே என்பதற்கு ஒரு வழக்கு உண்டு. பிலிப்-லோர்கா டிகோர்சியா என்ற புகைப்படக்காரர் டைம்ஸ் சதுக்கத்தில் விளக்குகளை மறைவாகக் கட்டி, நடந்து போனவர்களைத் தூரத்திலிருந்து எடுத்தார். படத்தில் இருந்த ஒரு வயதான யூதர், இது தன் மத நம்பிக்கைக்கு எதிரானது என்று வழக்குப் போட்டார். 2006-இல் நீதிமன்றம் அது கலைதான் என்று வழக்கைத் தள்ளியது. புகைப்படக்காரர்களுக்கு அது பெரிய பாதுகாப்பு. ஆனாலும் அந்தப் பெரியவரின் மனவருத்தம் எனக்குப் பொய்யாகத் தெரியவில்லை. வழக்கில் ஜெயிக்கக்கூடிய படத்தையெல்லாம் வெளியிட்டே ஆகவேண்டும் என்று இல்லை.

சப்வேயில, கடைக்குள்ள, கோயில், மசூதியில எல்லாம் எடுக்கலாமா?

சப்வேயில் எடுக்கலாம். டிரைபாட், விளக்கு, பிரதிபலிப்பான் எதுவும் கூடாது. கடை தனியார் இடம். முதலாளி வேண்டாம் என்றால் உடனே நிறுத்திவிட வேண்டும். வழிபாட்டு இடங்களில் அலுவலகத்தில் கேட்டுவிட்டு எடுங்கள். கருவறைப் பக்கம் கேமராவைத் தூக்காதீர்கள். சீக்கியர்களின் குருத்வாராவில் தலையை மூடிக்கொள்ளுங்கள். வருபவர்களுக்கெல்லாம் இலவசமாகச் சாப்பாடு போடும் லங்கர் சமையலறையில் உதவிக்கு நின்றால், படம் எடுக்க அவர்களே வழிவிடுவார்கள்.

என்ன கேமரா வாங்கணும்? போன் போதுமா?

போன் போதும். இந்தத் தெருக்களில் போனுக்கு ஒரு வசதியும் உண்டு, யாரும் மிரளுவதில்லை. கேமரா வாங்குவதாக இருந்தால் சின்னதாக, 28 அல்லது 35 மில்லிமீட்டர் லென்ஸோடு வாங்குங்கள். நீளமான ஜூம் லென்ஸ் வேண்டாம். தெரு அந்தப் பக்கம் நின்றுகொண்டு இந்தப் பக்கம் இருப்பவரை இழுத்து எடுக்கும் படத்தில் ஒளிந்து பார்த்த சாயல் இருக்கும். அதைப் பார்வையாளரும் உணர்வார், படத்தில் இருப்பவரும் உணர்வார்.

ரூஸ்வெல்ட் அவென்யூவில ரயில் பாலத்துக்குக் கீழ வெளிச்சமே சரியா வர மாட்டேங்குது. என்ன பண்றது?

7-ஆம் நம்பர் ரயில் தலைக்கு மேலே போகிறது. தண்டவாளச் சட்டங்களின் இடைவெளி வழியே வெயில் பட்டை பட்டையாகத் தரையில் விழும். ஒரு பட்டைக்கும் அடுத்த நிழலுக்கும் வெளிச்சம் பல மடங்கு மாறும், கேமரா தானாகக் கணக்குப் போட்டால் தடுமாறும். வெயில் பட்டைக்கு எக்ஸ்போஷரை, அதாவது கேமரா வாங்கும் வெளிச்சத்தின் அளவை, வைத்து, நிழலைக் கறுப்பாக விட்டுவிடுங்கள். ஒருவர் நடந்து வந்து அந்தப் பட்டையில் முகம் வைக்கும் வரை காத்திருங்கள். லிபர்ட்டி அவென்யூவில் ஏ ரயிலுக்குக் கீழேயும் இதே முறைதான்.

ஃபோகஸுக்கு: 28 மில்லிமீட்டர் லென்ஸின் துவார அளவை எஃப் 8-இல், ஃபோகஸை இரண்டரை மீட்டர் தூரத்துக்கு வைத்தால் ஃபுல் ஃபிரேம் கேமராவில் ஏறக்குறைய ஒன்றரை மீட்டரிலிருந்து 10 மீட்டர் வரை தெளிவாக இருக்கும். ஷட்டர் 1/250. பாலத்துக்குக் கீழே ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்சத்துக்கான உணர்திறன், 1600-க்கு மேல் போகத் தயங்காதீர்கள். டிசம்பரில் சாயங்காலம் நாலரைக்கே இருட்டிவிடும். அப்போது கடை ஜன்னல் வெளிச்சம் போதும். நகைக்கடை வெளிச்சம் மஞ்சள், போன் கடை வெளிச்சம் நீலம். இரண்டுக்கும் நடுவில் நின்று பாருங்கள்.

நான் எடுக்கிறது எல்லாம் எல்லாரும் எடுத்த மாதிரியே இருக்கு. சேலை, ஜிலேபி, நகைக்கடை. எப்படி மாத்துறது?

இதுதான் முக்கியமான கேள்வி. புதிதாக வந்தவர்களின் கண் ஊரைத் தேடுகிறது. சேலையும் ஜிலேபியும் ஊரை ஞாபகப்படுத்துவதால் அதையே எடுக்கிறோம். வந்து சேரும் படம் ஜாக்சன் ஹைட்ஸிலும் எடுத்திருக்கலாம், டி.நகரிலும் எடுத்திருக்கலாம். குடியேறிய வாழ்க்கை அதில் எங்கேயும் இல்லை.

நான் தேடுவது அமெரிக்கா இவர்கள் உடம்பின் மேல் விழுந்திருக்கும் இடங்களை. சேலைக்கு மேலே தடித்த ஜாக்கெட், கீழே பனிக்கான பூட்ஸ். பணம் அனுப்பும் கடையில் அன்றைய டாகா (வங்கதேசப் பணம்), ரூபாய் விலைப் பலகையை அண்ணாந்து பார்க்கும் முகம். மாடிப்படி வாசலில் குடியேற்ற வழக்கறிஞர், வருமான வரி, ஓட்டுநர் பயிற்சி, பாஸ்போர்ட் போட்டோ என்று நாலு மொழியில் அடுக்கிய பலகைகள். பேரனைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவரும் தாத்தா, தன்னால் படிக்க முடியாத பலகை முன்னால் பேரன் கையைப் பிடித்து நிற்பது. இரவு வேலை முடித்து காலை 7 மணிக்கு ரயிலிலிருந்து இறங்கும் செக்யூரிட்டி உடை.

காத்திருப்பதைக் கவனியுங்கள். பேருந்துக்கு, குடியேற்றக் காகிதத்துக்கு, ஷிஃப்டுக்கு, ஊரிலிருந்து வரும் போனுக்கு என்று குடியேறிய வாழ்க்கையில் பாதி காத்திருப்புதான். நகைக்கடை ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நில்லுங்கள். அந்தப் பக்கம் நிறைய இருக்கிறது.

கேட்டுட்டு எடுக்கணுமா, கேட்காம எடுக்கணுமா?

இரண்டும் செய்கிறேன். கூட்டமாக, ஒருவர் முகம் தனியாகத் தெரியாமல் இருந்தால் கேட்பதில்லை. ஒரு முகத்தை நம்பி நிற்கும் படம் என்றால், முதலில் எடுத்துவிட்டு உடனே போய்ப் பேசிக் காட்டுகிறேன். வேண்டாம் என்றால் அவர் கண் முன்னாலேயே அழிக்கிறேன். வேலை செய்துகொண்டிருப்பவரை, அதாவது பழக்கடைக்காரர், தையல்காரர், மோமோ வண்டிக்காரர் போன்றவர்களை, முதலில் கேட்டுவிடுகிறேன். கேட்டதும் நிமிர்ந்து நிற்பார்கள். கொஞ்ச நேரம் பேசிக்கொண்டே நின்றால் வேலைக்குத் திரும்பிவிடுவார்கள். படம் அங்கேதான் இருக்கிறது.

அடுத்த வாரம் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். 4x6 அங்குலம் போதும், சில சென்ட்டுகளில் முடிந்துவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்புவதை விட இது பெரிய மரியாதை. கடைச் சுவரில் ஒட்டிவைப்பார்கள். பக்கத்துக் கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு உங்களைக் கூப்பிடுவார்.

எனக்கு இந்தியும் தெரியாது, வங்காளமும் தெரியாது. எப்படிப் பேசறது?

உடைந்த இங்கிலீஷ் போதும், அவர்களும் அதில்தான் பேசுகிறார்கள். வயதில் பெரியவர்களை அங்கிள், ஆண்டி என்றால் போதும். பஞ்சாபிப் பெரியவரை 'சத் ஸ்ரீ அகால்' என்றும், முஸ்லிம் கடைக்காரரை சலாம் சொல்லியும் ஆரம்பியுங்கள். ஒரு டீ வாங்குங்கள். கேமராவைப் பையில் வைத்துவிட்டுப் பேசுங்கள், எங்கே வேலை செய்கிறீர்கள் என்பதை முதலில் நீங்களே சொல்லிவிடுங்கள். அது ஏன் முக்கியம் என்பது அடுத்த பதிலில் இருக்கிறது.

எனக்கும் அவங்க மாதிரியே மூஞ்சிதானே? ஆனா கேமராவைப் பார்த்ததும் ஏன் திரும்பிக்கிறாங்க?

உங்கள் முகம் அவர்கள் முகம் மாதிரி இருப்பதே ஒரு காரணம். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு நியூயார்க் காவல்துறை ஒரு ரகசியப் பிரிவை வைத்திருந்தது. தெற்காசிய, அரபு வம்சாவளிக் காவலர்களையே சாதாரண உடையில் டீக்கடைகளுக்கும் உணவகங்களுக்கும் அனுப்பி, யார் என்ன பேசுகிறார்கள், டிவியில் என்ன ஓடுகிறது என்று குறிப்பு எடுக்க வைத்தது. மசூதிகளுக்குள் ஒற்றர்கள் இருந்தார்கள். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 2011-இல் இதை வெளிக்கொண்டுவந்தது. அந்தப் பிரிவின் வேலையால் ஆறு வருடத்துக்கும் மேலாக ஒரு பயங்கரவாத வழக்குக்குக்கூடத் துப்புக் கிடைக்கவில்லை என்று காவல் அதிகாரியே 2012-இல் சாட்சியத்தில் ஒப்புக்கொண்டார். 2014-இல் கலைத்தார்கள்.

அதற்கு முன்பே, 2002-இல், பாகிஸ்தான், வங்கதேசம் உட்பட 25 நாடுகளைச் சேர்ந்த, நிரந்தரக் குடியுரிமை இல்லாத ஆண்கள் அரசு அலுவலகத்துக்கு வந்து பதிவு செய்ய வேண்டும் என்று உத்தரவு வந்தது. சட்டத்துக்குக் கட்டுப்பட்டுத் தாங்களாகவே போனவர்களில் 13,000-க்கும் மேற்பட்டோர் மீது நாடுகடத்தல் நடவடிக்கை தொடங்கியது. கோனி ஐலண்ட் அவென்யூவில் கடைகள் காலியாயின, குடும்பங்கள் கனடாவுக்கும் பாகிஸ்தானுக்கும் கிளம்பின.

இதையெல்லாம் பார்த்தவர்தான் உங்கள் கேமராவைப் பார்க்கிறார். முகத்தைத் திருப்பிக்கொண்டால் விட்டுவிடுங்கள், கோபப்படாதீர்கள். நீங்கள் யார் என்று சொல்லுங்கள், திரும்பத் திரும்ப அதே தெருவுக்குப் போங்கள். வேறு வழி இல்லை.

காகிதம் இல்லாதவங்க, அதாவது இங்க தங்க சட்டப்படி அனுமதி இல்லாதவங்க, யாராவது படத்துல இருந்தா? எனக்கு எப்படித் தெரியும்?

தெரியாது, கேட்கவும் கூடாது. அதனால் யாருக்கும் ஆபத்து வராத முறையில் வேலை செய்யப் பழகிக்கொள்ளுங்கள். படத்தோடு சேரும் இருப்பிடத் தகவலை அணைத்துவிடுங்கள். எடுத்த அன்றே, எடுத்த மூலையின் பெயரோடு போடாதீர்கள். வேலை செய்யும் இடமும் முகமும் பெயரும் ஒரே படத்தில் சேர்ந்து வந்தால் அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடாதீர்கள்.

நடைபாதை வியாபாரிகளிடம் இன்னும் கவனம். உணவு வண்டிகளுக்கான அனுமதிச் சீட்டுகளுக்கு நகரம் 1980களிலிருந்தே உச்சவரம்பு வைத்திருக்கிறது. அதனால் அனுமதி இல்லாமல் விற்பவர்கள் நிறைய. உங்களுக்கு அழகான படம், அவருக்கு அபராதச் சீட்டாகப் போகலாம். கை, வண்டி, ஆவி, வாடிக்கையாளரின் தோள் என்று முகம் இல்லாமலும் அந்தப் படத்தை எடுக்க முடியும்.

குழந்தைங்களை எடுக்கலாமா?

சட்டம் தடுக்கவில்லை. நான் பெற்றோரிடம் கேட்காமல் எடுப்பதில்லை. பள்ளிக்கூட வாசலில் கேமராவே வெளியே எடுப்பதில்லை.

நான் ஆம்பளை. பெண்களை எடுக்கும்போது சங்கடமா இருக்கு. விட்டுடலாமா?

விட்டுவிட்டால் உங்கள் படங்களில் பாதித் தெரு காணாமல் போய்விடும். ஏற்கெனவே இந்தத் தெருக்களின் படங்களில் சதுக்கத்தில் நிற்கும் ஆண்கள்தான் அதிகம். தங்கையையோ தோழியையோ மனைவியையோ கூட்டிப்போங்கள், பேச்சு எளிதாகத் தொடங்கும். நோன்புப் பெருநாளுக்கு முந்தைய இரவு, சாந்த் ராத் அன்று, ஜாக்சன் ஹைட்ஸ் நடைபாதைகளில் மேசை போட்டு மருதாணி வைப்பார்கள். இரவு வெகுநேரம் வரை தெரு பெண்களுடையதாக இருக்கும். கேட்டால் பலரும் மருதாணிக் கையைக் காட்டச் சம்மதிப்பார்கள், முகத்துக்குச் சம்மதிப்பவர்கள் குறைவு. கேட்டபடி செய்யுங்கள்.

டாக்சி டிரைவர்களை வச்சு ஒரு சீரிஸ் பண்ணணும்னு ஆசை. எங்க ஆரம்பிக்கிறது?

சாப்பாட்டுக் கடையில். லெக்சிங்டன் அவென்யூ கடைகளில் அவர்கள் அவசரமாகச் சாப்பிட்டுக் கிளம்பும் நேரம், சாயங்காலம் ஷிஃப்டு மாறும் நேரம், தொழுகைக்கு வண்டியை ஓரம் கட்டும் நேரம், இந்த மூன்றும் நல்ல நேரங்கள். ஆனால் ஸ்டீயரிங்கைப் பிடித்த கையை மட்டும் எடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். ஒரு காரை மஞ்சள் டாக்சியாக ஓடவிடத் தேவையான உரிமம், அதாவது மெடாலியன், 2014 வாக்கில் 10 லட்சம் டாலரைத் தாண்டி விற்றது. கடன் வாங்கி வாங்கினார்கள். செயலி வழி வாடகைக் கார்கள் வந்து விலை சரிந்தது, கடன் மட்டும் அப்படியே நின்றது. 2018-இல் ஓட்டுநர்கள் சிலர் தற்கொலை செய்துகொண்டார்கள்.

1998-இல் தொடங்கிய டாக்சி தொழிலாளர் சங்கம், பைரவி தேசாய் தலைமையில், 2021 அக்டோபரில் நகர மன்றக் கட்டடத்துக்கு வெளியே 15 நாள் உண்ணாவிரதம் இருந்தது. நகரம் இறங்கி வந்தது. ஒவ்வொரு மெடாலியன் கடனையும் 1,70,000 டாலராகக் குறைத்து, அதற்கு நகரமே உத்தரவாதம் கொடுக்க ஒப்புக்கொண்டது. இந்தக் கதையைத் தெரிந்துகொண்டு ஓட்டுநரிடம் பேசினால் அவர் உங்களிடம் பேசும் விதமே மாறும். பில்லும் கடன் கடிதமும் வைத்த கண்ணாடிக்கு முன்னால் உள்ள சின்ன இடத்தைக்கூட அவரே காட்டுவார்.

இதுல நம்ம தமிழ் ஆளுங்க எங்க?

ஃபிளஷிங்கில் பவுன் தெருவில் இருக்கும் கணபதி கோயில். ஐ.நா. சபையில் பணியாற்றிய அழகப்பா அழகப்பன் முன்னின்று தொடங்கியது, 1977 ஜூலை 4-ஆம் தேதி குடமுழுக்கு நடந்தது. பிள்ளையார் சதுர்த்தி முடிவில் தேர் தெருவுக்கு வரும். சீன எழுத்துக் கடைப் பலகைகளுக்கு நடுவே தேர் வடம் பிடிக்கும் படத்தை வேறு எங்கே எடுக்க முடியும்? அடித்தள உணவகத்தில் தோசைக்கு நிற்கும் வரிசையும் நல்ல இடம், கேட்டுவிட்டு எடுங்கள். அந்தத் தெருவின் பெயருக்குரிய ஜான் பவுன், குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் வழிபடத் தன் வீட்டைக் கொடுத்ததற்காக 1662-இல் கைதானவர். வழிபாட்டு உரிமைக்காகச் சிறை போனவர் பெயரில் உள்ள தெருவில் நம் கோயில் அமைந்திருப்பது எனக்கு எப்போதும் சந்தோஷம் தரும்.

இலங்கைத் தமிழர்களையும் சிங்களவர்களையும் ஸ்டேட்டன் ஐலண்டில் பார்க்கலாம். இன்னொரு சொந்தம் பலருக்குத் தெரியாது. 1838 முதல் 1917 வரை பிரிட்டிஷ் கயானாவுக்குக் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போனவர்களில் சென்னைத் துறைமுகம் வழியே போனவர்களும் உண்டு. அவர்களின் வாரிசுகள் குயின்ஸில் இன்றும் மாரியம்மனைக் கும்பிடுகிறார்கள். தமிழ் பேச்சு போய்விட்டது, வேப்பிலையும் தப்பு மேளமும் போகவில்லை. அங்கே கேமராவோடு போகும் முன், கேமரா இல்லாமல் ஒருமுறை போய்க் கும்பிட்டுவிட்டு வாருங்கள்.

பரேடு எடுத்தா அது ஸ்ட்ரீட் போட்டோவா?

பரேடு பழக நல்ல இடம். எல்லோரும் படம் எடுக்கப்படத் தயாராக வந்திருப்பார்கள், உங்கள் கூச்சம் போகும். ஏப்ரலில் சீக்கியர் ஊர்வலமும் ஆகஸ்டில் இந்திய தின ஊர்வலமும் மாடிசன் அவென்யூவில் நடக்கும். வசந்தத்தில் ரிச்மண்ட் ஹில்லில் பக்வா, அதாவது ஹோலி. மேடையையும் நடிகர்களையும் விட்டுவிட்டு, தொடங்குவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தையும் முடிந்த பிறகான ஒரு மணி நேரத்தையும் எடுங்கள்.

யாருடைய படங்களைப் பார்த்துக் கத்துக்கலாம்?

கார்க்கி லீயில் தொடங்குங்கள். குயின்ஸில் 1947-இல் பிறந்த சீன அமெரிக்கர். ஆசிய அமெரிக்கர்களின் போராட்டங்களையும் அன்றாடத்தையும் அரை நூற்றாண்டு எடுத்தார். 2001 செப்டம்பரில் சென்ட்ரல் பார்க் மெழுகுவர்த்தி அஞ்சலியில், அமெரிக்கக் கொடியைப் போர்த்தி நின்ற சீக்கியரை அவர் எடுத்த படம் அந்தக் காலத்தின் பயத்தை முழுசாகச் சொல்லிவிடும். 2021 ஜனவரியில் கொரோனாவில் இறந்தார்.

கௌரி கில் 2000 முதல் 2007 வரை அமெரிக்கா முழுக்கச் சுற்றி இந்திய வம்சாவளியினரை எடுத்தார். வீட்டுக்குள்ளும் விசேஷங்களிலும் எடுத்தவை அதிகம், ஆனாலும் தெருப் படக்காரர்கள் பார்க்கவேண்டியவை. டெல்லிக்காரர் பாப்லோ பார்த்தலோமியூ 1980களின் பின்பகுதியில் இங்குள்ள இந்தியர்களை எடுத்தவர். மூவரையும் பார்த்தால், படங்களுக்குள் எவ்வளவு நேரம் செலவழிந்திருக்கிறது என்று தெரியும்.

கறுப்பு வெள்ளையா, கலரா?

கலர். இந்தத் தெருக்களில் செய்தி நிறத்தில் இருக்கிறது. ரயில் பாலத்துக்குக் கீழே மட்டும் சில நாள் கறுப்பு வெள்ளை ஒத்துவரும்.

படத்துக்குக் கீழ என்ன எழுதறது? 'இந்தியர்கள்'னு போட்டா போதாதா?

போதாது, பல நேரம் தப்பாகவும் போகும். 'இந்திய உணவகம்' என்று பலகை வைத்த கடையை நடத்துபவர் சில்ஹட்டிலிருந்து வந்த வங்கதேசத்தவராக இருப்பார். மன்ஹாட்டனின் கிழக்கு 6-வது தெருக் கடைகள் பெரும்பாலும் அப்படித்தான். மோமோ விற்பவர் நேபாளத்தில் பிறந்த திபெத்தியராக இருக்கலாம். கேட்டுத் தெரிந்ததை எழுதுங்கள். தெரியாவிட்டால் தெருவையும் வருடத்தையும் மட்டும் எழுதுங்கள்.

கஷ்டப்படுறவங்களை எடுத்து அழகாக்குறது தப்பில்லையா?

2020 வசந்தத்தில் எல்ம்ஹர்ஸ்ட் மருத்துவமனை கொரோனா அலையின் நடுவில் இருந்தது. இந்தத் தெருக்களில் சாவு விழாத கட்டடம் குறைவு. 2021 செப்டம்பரில் ஐடா புயல் மழையில் நகரத்தில் இறந்த 13 பேரில் 11 பேர் அடித்தள வீடுகளில் மூழ்கியவர்கள், பெரும்பாலும் குயின்ஸில். இந்த வாழ்க்கையில் கஷ்டம் இருக்கிறது, அதை மறைத்துப் பண்டிகை மட்டும் எடுத்தால் அதுவும் பொய்.

தூங்கி விழுபவரை, அழுபவரை, கையேந்தி நிற்பவரைத் தெரியாமல் எடுப்பதை நான் செய்வதில்லை. பேசிப் பழகியவர் தானே காட்டும் கஷ்டம் வேறு. அடித்தள ஜன்னல் நடைபாதை மட்டத்தில் இருப்பதையும், அதற்கு உள்ளே தெரியும் துணிக்கொடியையும் வெளியிலிருந்தே எடுக்கலாம். அதுவே நிறையச் சொல்லும்.

ஒருத்தர் சரின்னு சொல்லித்தான் எடுத்தேன். ரெண்டு வருஷம் கழிச்சு எடுத்துடுன்னு சொல்றார். என்ன செய்ய?

எடுத்துவிடுங்கள். சட்டப்படி படம் உங்களுடையது. ஷட்டரை அழுத்தியவருக்கே பதிப்புரிமை, உங்கள் ஆயுளுக்குப் பிறகும் 70 வருடம். ஆனால் அவருக்கு என்ன மாறியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. வழக்கு நடக்கலாம், வேலை மாறியிருக்கலாம், மகளுக்குக் கல்யாணம் பேசலாம். உங்களிடம் வேறு படம் இருக்கும். இதையே இன்னும் கடினமாக்கிக் கேட்பவர்களும் உண்டு: அது கண்காட்சியில் தொங்குகிறது, கடையின் முன்னேற்றத்துக்கு உதவிய படம், அப்போதும் எடுக்க வேண்டுமா? ஆமாம்.

எச்1பி விசாவுல இருக்கேன். படத்துக்குக் காசு வாங்கலாமா?

பொழுதுபோக்காக எடுப்பதும் காட்டுவதும் பிரச்சினை இல்லை. உங்கள் விசா உங்களைக் கொண்டுவந்த நிறுவனத்தில் வேலை செய்ய மட்டும் கொடுத்தது. படம் விற்பதும் காசு வாங்கிக்கொண்டு எடுத்துக் கொடுப்பதும் அனுமதியில்லாத வேலையாகக் கருதப்படலாம். மாணவர் விசாவிலும் இதே கவனம் தேவை. ஒரு டாலர் வாங்கும் முன் குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்டுவிடுங்கள்.

பல ஆயிரம் படம் சேர்ந்துடுச்சு. ஹார்ட் டிஸ்க்குல கிடக்குது. என்ன பண்றது?

முதலில் தெருவாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தேதி, இடம், தெரிந்த விவரம் எழுதிவிடுங்கள். இன்றைக்குச் சாதாரணமாகத் தெரியும் கடைப் பலகை பத்து வருடத்தில் இருக்காது. குயின்ஸ் பொது நூலகமும் குயின்ஸ் கல்லூரியும் 2010-இல் தொடங்கிய 'குயின்ஸ் மெமரி' திட்டம் பொதுமக்களின் படங்களையும் வாய்மொழிக் கதைகளையும் சேர்க்கிறது. 2008-இல் தொடங்கிய, பிலடெல்பியாவிலிருந்து இயங்கும் தெற்காசிய அமெரிக்க டிஜிட்டல் ஆவணகம் இன்னொன்று. கொடுக்கும் முன், ஆபத்து பற்றி மேலே சொன்னதை வைத்து ஒருமுறை சலித்துவிடுங்கள். பெயர் போடச் சம்மதித்தவர்கள் யார், சம்மதிக்காதவர்கள் யார் என்று தனிப் பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள், ஆவணகத்தில் அதைக் கேட்பார்கள்.